கடிதத்தில் என் பெயரும் இருந்தது!



இந்தப் பகுதியை வாராவாரம் தவறாமல் படிப்பவள் நான். பிள்ளை வளர்ப்பு, மாமியார் - மருமகள் பிரச்னை, வீட்டு வைத்தியம் என்று சகோதரிகள் எதையெல்லாமோ மனம் விட்டு எழுதுகிறார்கள். வீட்டுக் கடன் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. வெட்கம்தான் காரணம். எனக்கும் அந்த வெட்கம் உண்டு; பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக் கொள்கிறேன். ஆனால், போன மாதம் ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு எதிர் வீட்டுப் பெண், "அக்கா... பாங்க்ல இருந்து கடுதாசி வந்திருக்குங்க. வீட்டை எடுத்துக்குவாங்களா?" என்று வாசலில் நின்று அழுதபோது, இனியும் சும்மா இருக்கக் கூடாது என்று தோன்றியது. எங்கள் கதையை அவளிடம் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

எங்களுக்குத் திருப்பூர். என்னவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் வீட்டிலிருந்தபடியே பிசிர் வெட்டும் வேலை வாங்கிச் செய்வேன். பீசுக்கு இத்தனை காசு என்று கணக்கு. ஒரு பெண், ஒரு பையன். என் அப்பா சீதனமாகக் கொடுத்த இரண்டே முக்கால் சென்ட் இடம் என் பேரில் இருந்தது. அதில் வீடு கட்ட 2016ல் ஒரு வங்கியில் 16 லட்ச ரூபாய் கடன் வாங்கினோம். வட்டி ஒன்பதரை சதவீதம், 20 வருடம், மாதத் தவணை 14,914 ரூபாய்.

இடம் என் பேரில் என்பதால் கையெழுத்துப் போட நானும் போனேன். ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார்கள். பென்சிலில் குறி போட்ட இடத்தில் எல்லாம் போட வேண்டும். நாற்பது கையெழுத்தாவது இருக்கும். "இதெல்லாம் என்னதுங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "சும்மா போடு, நேரமாகுது" என்றார் என்னவர். போட்டேன். வீடு முடிந்து பால் காய்ச்சிய அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில், அந்தக் காகிதக் கட்டு எங்கே போனது என்று கூட கேட்கவில்லை.

நான்கு வருடம், அதாவது 48 தவணை ஒழுங்காகக் கட்டினோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. தவணையைத் தள்ளிப் போட்டுக் கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. முதலில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் வரை. மார்ச் தவணையை நாங்கள் கட்டி விட்டதால், எங்களுக்கு ஐந்து மாதம் கிடைத்தது. "அஞ்சு மாசத்தை அரசாங்கமே தள்ளிட்டாங்க" என்று தெருவில் எல்லாரும் பேசிக் கொண்டோம். தள்ளி விட்டார்களா, தள்ளி வைத்தார்களா என்று யோசிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வருடம் மே மாதம் என்னவருக்கு கொரோனா வந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். கையில் இருந்தது எல்லாம் கரைந்தது. அவர் பிழைத்து வந்தாரே, அதுவே போதும் என்று இருந்தேன். கம்பெனியும் திறக்கவில்லை, தளர்வு கொடுத்தபோது கூட பாதிப்பு அதிகமிருந்த 11 மாவட்டங்களில் திருப்பூரும் ஒன்று என்று நிறுத்தி வைத்தார்கள். ஜூன் கடைசியில் திறந்தபோது, ஆர்டர் இல்லை என்று பாதிச் சம்பளம்.

அந்த நாட்களில்தான் அவரிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். போன் வந்தால் எடுத்துக் கொண்டு மொட்டை மாடிக்குப் போய் விடுவார். கிசுகிசுவென்று பேசுவார். நான் மேலே ஏறினால் 'கட்' செய்து விடுவார். சகோதரிகளே... ஒரு பெண்ணின் புத்தி எங்கெல்லாம் போகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கும் போனது. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

ஆடி பிறந்ததும் வீட்டை ஒதுங்க வைக்கப் பரணில் ஏறினேன். அவருடைய பழைய சூட்கேசுக்குள், கல்யாண வேட்டிக்கு அடியில் இரண்டு கடிதங்கள். வேறு எதையோ எதிர்பார்த்துப் பிரித்தால், வங்கிக் கடிதம்! மே, ஜூன் இரண்டு தவணை கட்டவில்லை. உடனே கட்டாவிட்டால் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது. மேலே அவர் பெயர். அதற்குக் கீழே என் பெயர். பக்கத்தில் 'இணைக் கடன்தாரர்'. எனக்கு வந்த கடிதத்தை எனக்கே தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறார்!

அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கப்பா குடுத்த எடம்... அதைக் கொண்டு போய் அடமானத்துல வெச்சுத் தொலைச்சுட்டான்னு உங்க வீட்டுல பேசுவாங்கல்ல?" என்றார். அழுது நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். இந்த மனிதரையா சந்தேகப்பட்டோம் என்று இருந்தது. கோபமும் வந்தது. என்னிடம் சொல்லி அழுதிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்குமே!

அதற்குள் அவர் நண்பர் ஒருவர் ஒரு யோசனை சொல்லியிருந்தார். 'தெரிந்த பைனான்சில் வாங்கி பாங்க் தவணையை அடைத்து விடு. நூற்றுக்கு ஐந்து வட்டிதான்' என்று. அது மாதத்துக்கு ஐந்து, வருடத்துக்கு அறுபது! ஒன்பதரை வட்டியைக் கட்ட முடியாமல் அறுபது வட்டிக்கு வாங்குவதா?

மறுநாள் என் பெரியம்மா மகளுக்குப் போன் செய்தேன். அவர் வேறொரு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கதையைக் கேட்டு முடித்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி: "மே மாசத் தவணை எந்தத் தேதி கட்டியிருக்கணும்?"

"அஞ்சாம் தேதிங்க்கா."

"காலண்டரை எடு. அதுல இருந்து தொண்ணூறு நாள் எண்ணு."

எண்ணினேன். ஆகஸ்ட் 3ல் வந்து நின்றது, ஆடிப் பெருக்கு. இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அக்கா அன்றைக்குச் சொன்னதை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அந்தக் கணக்கு வாராக்கடன் ஆகி விடும். அதன்பின், 2002ல் வந்த 'சர்பேசி' என்ற சட்டப்படி, கோர்ட்டுக்குப் போகாமலேயே வங்கி வீட்டின் மீது கை வைக்கலாம். முதலில் 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் வரும். அதற்கு நாம் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகும் கட்டவில்லை என்றால் வீட்டுச் சுவரில் ஒட்டுவார்கள்; பேப்பரில் போடுவார்கள். பேப்பரில் 'சுவாதீன அறிவிப்பு' என்று பொடி எழுத்தில் கட்டம் கட்டிப் பெயர், கதவு எண், நான்கு பக்க எல்லையோடு வருமே... அதுதான்! எத்தனை தடவை அந்தப் பக்கத்தைக் கிழித்து முறுக்குக்கு எண்ணெய் உறிஞ்சப் போட்டிருக்கிறேன். அதில் என் அப்பா பெயரோடு என் பெயர் வந்தால்?

"பயப்படாதே. ஒரே ஒரு தவணையாவது கட்டு. பழைய பாக்கியில்தான் முதலில் வரவு வைப்பாங்க. மே மாசம் அடைஞ்சிடும். தொண்ணூறு நாள் கணக்கு ஜூன்ல இருந்து ஆரம்பிக்கும். ஒரு மாசம் மூச்சு விடலாம். அதுக்குள்ள பாங்க்குக்கு நேரில போ. நீயும் போ" என்றார் அக்கா.

ஒரு சங்கிலியைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்துக் கட்டினேன். (ஐந்து பவுன் வரை நகைக் கடன் தள்ளுபடி வந்ததே, அது 2021 மார்ச் 31 வரை வைத்தவர்களுக்கு. நான் வைத்தது ஜூலையில். என் அதிர்ஷ்டம் அப்படி!)

வங்கிக்குப் போவதற்கு முன், கடன் கணக்கு விவரத்தை வாங்கி வரச் சொல்லியிருந்தார் அக்கா. அதைப் பார்த்தபோதுதான் தலை சுற்றியது. முதல் நாலு வருடத்தில் நாங்கள் கட்டியது 7 லட்சத்து 15 ஆயிரத்துக்கு மேல். அதில் அசலில் கழிந்தது 1 லட்சத்து 30 ஆயிரம் மட்டும். மற்றது எல்லாம் வட்டி. 'தள்ளி விட்டார்கள்' என்று சந்தோஷப்பட்டோமே, அந்த ஐந்து மாதத்துக்கும் வட்டி ஏறி, 59 ஆயிரம் ரூபாய் அசலோடு சேர்ந்திருந்தது. கட்டாமல் விட்டது ஐந்து தவணை. கடைசியில் கூடுதலாகக் கட்ட வேண்டியது இருபது தவணை! வட்டிக்கு வட்டி போட்டதை மட்டும் திருப்பித் தருவதாக 2020 நவம்பரில் ஒரு சின்னத் தொகை கணக்கில் வந்தது. எங்களுக்கு ஆயிரத்து நானூறு சொச்சம். 2021 ஏப்ரல் வரை 56 தவணை, 8 லட்சத்து 35 ஆயிரம் கட்டியும், பாக்கி 15 லட்சத்து 5 ஆயிரம். ஐந்து வருடத்தில் 16 லட்சத்தில் ஒரு லட்சம் கூட இறங்கவில்லை!

வங்கியில் மேலாளர் ஒரு சின்ன வயதுப் பெண். முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றார். நான் ஆஸ்பத்திரி பில்லையும் என்னவருடைய சம்பளச் சீட்டையும் எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு உட்காரச் சொன்னார். கொரோனாவில் வருமானம் போனவர்களுக்கு கடனைச் சீரமைத்துக் கொடுக்க, அந்த மே மாதம் 5ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு திட்டம் அறிவித்திருக்கிறது. செப்டம்பர் 30க்குள் வர வேண்டும். மார்ச் 31ல் கணக்கு ஒழுங்காக இருந்திருக்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார். எங்கள் கணக்கு அன்றைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. இவர்கள் கடிதம் போட்டு மிரட்டியதில் இதை ஒரு வரி எழுதியிருந்தால் என்ன என்று நினைத்தேன், கேட்கவில்லை.

"தவணை எவ்வளவு குறையுமுங்க?" என்று கேட்டார் என்னவர்.

"ரெண்டு வருஷம் வரைக்கும் நீட்டலாம். உங்களுக்கு இன்னும் 203 மாசம் இருக்கு. அதோட 24 சேர்த்து 227. மூணு மாசம் தவணை கிடையாது. நவம்பர்ல இருந்து கட்டினா போதும்" என்றார்.

நாங்கள் சந்தோஷமாகக் கிளம்பியிருப்போம். அக்காதான் போனிலேயே, "தவணை எத்தனை ரூபாய்னு எழுதி வாங்கு" என்று சொல்லியிருந்தார். கேட்டேன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, "14,850 சொச்சம்" என்றார்.

அறுபது ரூபாய்! இரண்டு வருடம் கூடுதலாகக் கட்டுவதற்கு மாதம் அறுபது ரூபாய்தான் குறைகிறது. அதுவரை கட்டாமல் இருந்த மாதங்களின் வட்டியெல்லாம் அசலில் ஏறி, கடன் 15 லட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டி விடும்; மாதத்தை நீட்டியதால் வந்த லாபத்தை அது தின்று விடுகிறது. 'சீரமைப்பு' என்றதும் கடனில் கொஞ்சம் கழித்து விடுவார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒரு ரூபாய் கழிப்பதில்லை. சொல்லப் போனால் கூடுகிறது.

அக்காவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "உங்க வட்டி இன்னுமா ஒன்பதரை? இப்ப புதுசா வாங்கறவங்களுக்கு ஏழு, ஏழரைதானே! பழைய முறையில் இருக்கீங்க. ரெப்போ வட்டிக்கு மாத்தச் சொல்லு" என்றார். ரெப்போ என்பது மற்ற வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி. 2019 அக்டோபரிலிருந்து புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை, அதுபோன்ற வெளி அளவுகோலோடு வங்கிகள் இணைத்தாக வேண்டும் என்று உத்தரவு. பழைய கடன்காரர்களும் கேட்டால் மாறிக் கொள்ளலாம். கேட்டால்தான்! கேட்காதவர்கள் பழைய வட்டியையே கட்டிக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

மேலாளர் அதற்கு ஒரு தனி படிவம் கொடுத்தார். கட்டணம் சில ஆயிரம். வட்டி ஏழரையாக, 227 மாதத்துக்குக் கணக்குப் போட்டதும் தவணை 12,900க்கு வந்தது. இரண்டாயிரம் ரூபாய் இறங்கியது! காலத்தை நீட்டியதில் அறுபது. வட்டியை மாற்றியதில் இரண்டாயிரம். இரண்டையும் கேட்டு விண்ணப்பம் எழுதினோம். வருமானம் இவ்வளவு, பள்ளிக் கட்டணம் இவ்வளவு, மளிகை இவ்வளவு, மாதம் இவ்வளவுதான் கட்ட முடியும் என்று நானே தமிழில் எழுதினேன். நகலில் 'பெற்றுக் கொண்டோம்' என்று சீல் போட்டு, தேதியோடு கையெழுத்து வாங்கிக் கொண்டேன். சீல் வைக்கக் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், நான் நகரவில்லை. விண்ணப்பத்துக்கு 30 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்தத் திட்டத்திலேயே இருந்த விதி. 26ஆம் நாள் பதில் வந்தது, ஒப்புக் கொண்டார்கள்.

புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போன அன்று, அதே மாதிரி காகிதக் கட்டு, அதே பென்சில் குறி. நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தேன். புரியாத இடத்தில் எல்லாம் கேட்டேன். என்னவர் இந்தத் தடவை 'நேரமாகுது' என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நான் படித்து முடித்த தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிக் கொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படிச் சீரமைத்த கடன் என்று 'சிபில்' போன்ற இடங்களில் பதிவாகி விடும். மகளின் படிப்புக்குக் கடன் கேட்டபோது அதைக் காட்டி ஆயிரம் கேள்வி கேட்டார்கள். கிடைத்தது; ஆனால் அலைய விட்டார்கள்.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரெப்போவோடு இணைத்தால் அது இறங்கும்போது இறங்கும். ஏறும்போது ஏறும் அல்லவா? 2022 மே மாதம் ஏற ஆரம்பித்தது. நான்கு சதவீதமாக இருந்தது 2023 பிப்ரவரிக்குள் ஆறரை ஆகி விட்டது. எங்கள் ஏழரை, பத்தாகி விட்டது! நூல் விலை ஏறி, திருப்பூரில் கம்பெனிகள் எல்லாம் தவித்த நேரம் வேறு. தவணை மட்டும் அதே 12,900. 'பரவாயில்லையே, நம் தவணையை ஏற்றவில்லையே' என்று நினைத்தால், நீங்களும் என்னைப் போல ஏமாந்தவர்தான். கணக்கு விவரத்தை எடுத்துப் பார்த்தேன். 12,900ல் வட்டிக்கே 12,700க்கு மேல் போகிறது. அசலுக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய். இப்படியே விட்டால் கடன் முடிய நாற்பது வருடத்துக்கு மேல் ஆகும். அவருக்கு அப்போதே 46 வயது.

ஓடிப் போய் நாங்களே கேட்டோம். 211 மாதத்துக்குள் முடிய வேண்டுமானால் தவணை 15,400 என்றார்கள். பழைய தவணையை விட ஐந்நூறு அதிகம்! பல்லைக் கடித்துக் கொண்டு ஒப்புக் கொண்டோம். நான் இன்னொரு கம்பெனியில் பிசிர் வெட்டப் பீஸ் வாங்க ஆரம்பித்தேன். பெண்ணுக்கும் அதற்குள் சின்ன வேலை கிடைத்தது. ஆக, சீரமைப்பால் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், ஒன்றரை வருட மூச்சு. அந்த மூச்சு இல்லாவிட்டால் வீடு இல்லை, அதுவும் உண்மை.

எங்களைப் போல ஏகப்பட்ட பேருக்கு இப்படி ஆகியிருக்கும் போலிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 18ல் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. வட்டி ஏறினால், தவணையை ஏற்றுவதா, மாதத்தை நீட்டுவதா, இரண்டிலும் கொஞ்சமா என்று கடன்காரரைக் கேட்க வேண்டும். தவணை மாத வட்டிக்கே போதாத அளவுக்கு இழுத்து நீட்டக் கூடாது. இதுவரை கட்டிய அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை விவரம் தர வேண்டும். அந்த விவரம் வந்ததும் நான் முதலில் பார்ப்பது 'பாக்கித் தவணை எண்ணிக்கை' என்ற வரியைத்தான்.

2025ல் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று தடவையில் ரெப்போ ஒரு சதவீதம் இறங்கியது. எங்கள் வட்டி ஒன்பதுக்கு வந்தது. வங்கிக்குப் போனேன்; இந்தத் தடவை தனியாக. "தவணையைக் குறைச்சுக்கறீங்களாம்மா?" என்றார் கவுன்டரில் இருந்த பையன். "வேண்டாங்க. தவணை அப்படியே இருக்கட்டும், மாசத்தைக் குறையுங்க" என்றேன். 183 மாதம் 162 ஆனது. இருபத்தோரு மாதம்!

இப்போது எதிர் வீட்டுப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். அவள் வீட்டுக்காரருக்கு டெம்போ ஓட்டும் வேலை. விபத்தில் கால் முறிந்து மூன்று மாதமாகப் படுக்கை. அவளைத் திண்ணையில் உட்கார வைத்து, "முதல்ல கட்டாம விட்ட தவணைக்கு எந்தத் தேதி?" என்றேன். எண்ணினோம், 41 நாள். அப்பாடா என்று இருந்தது. ராத்திரி எட்டரைக்கு யாரோ போன் செய்து கண்டபடி பேசினான் என்றாள். காலை எட்டு மணிக்கு முன்னும் இரவு ஏழு மணிக்குப் பின்னும் கடன் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. தேதியையும் நேரத்தையும் எழுதி வைக்கச் சொன்னேன். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், காசு கிடையாது. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

எங்களுக்குக் கிடைத்த திட்டம் அவளுக்குக் கிடைக்காது. அது 2021 செப்டம்பரோடு முடிந்து போனது. இன்றைக்குக் கேட்டால் வங்கி தன் விதிப்படிதான் பார்க்கும். அதிலும், பணக் கஷ்டம் என்று சீரமைத்த கணக்கைப் பொதுவாக வாராக்கடன் வரிசையில் காட்ட வேண்டியிருப்பதால், மேலாளர்கள் தயங்குவார்கள். அதனால், "வட்டி முறையை மாற்ற முடியுமா, வட்டி இறங்கியதற்குத் தவணையைக் குறைக்க முடியுமா என்று முதலில் கேட்போம், சீரமைப்பை அதற்குப் பிறகு கேட்போம்" என்று சொன்னேன். 'செட்டில்மென்ட் முடித்துத் தருகிறேன், பதினைந்தாயிரம் கொடுங்கள்' என்று ஒருவன் அவளிடம் வந்து போயிருக்கிறான். வீட்டுப் பத்திரத்தையே கையில் வைத்திருக்கிற வங்கி எதற்காக விட்டுக் கொடுத்து முடிக்கும்? அவனுக்கு ஒரு பைசா தராதே என்றேன்.

"நோட்டீசே வந்துட்டா என்ன பண்றதுங்க்கா?" என்றாள். அறுபது நாள் இருக்கிறது, எழுதிக் கொடுக்கலாம், அதையும் மீறி வீட்டைச் சுவாதீனம் எடுத்தால் 45 நாளுக்குள் கோவையில் இருக்கும் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று சொன்னேன். அதற்கெல்லாம் வக்கீல் வேண்டும், பணம் வேண்டும். 41ஆம் நாளிலேயே போய் நின்றால் இரண்டும் வேண்டாம்.

"அவருக்குத் தெரியாம வந்திருக்கேன். படுத்திருக்கற மனுஷன்கிட்ட இதை எப்படிங்க சொல்றது?" என்று மறுபடியும் அழ ஆரம்பித்தாள். இந்தத் தடவை ஒளித்தது மனைவி!

உள்ளே டி.வி. பார்த்துக் கொண்டிருந்தவர் எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. எங்கள் கடன் பைலை எடுத்துக் கொண்டு வாசலுக்கு வந்தார். நான் தமிழில் எழுதிய அந்த விண்ணப்ப நகலைத் தேடி உருவி, அவள் கையில் கொடுத்தார்.

"இதைப் பார்த்து எழுது கண்ணு. உன் வீட்டுக்காரர்கிட்ட நான் வந்து பேசறேன். காலையில பத்து மணிக்கு பாங்க் தொறக்கும், இவ கூட வருவா" என்றார்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்.